கேதகி வசாவடாவின் வெற்று ஷாட்

சாபர்மதிக் கரையில் இருந்த அந்தப் பிளாஸ்மா ஆய்வகத்தில் சனிக்கிழமைக் காலைகளில் சலவை நடக்கும். யாராவது வெளியூர் மாநாட்டில் பேசப்போகிறார் என்றால், முந்தைய சனிக்கிழமை அதே பேச்சைத் தன் குழுவின் முன்னால் பேசிக் காட்டவேண்டும். குழு அவரை அடித்துத் துவைத்துப் பிழிந்து காயப்போடும். பஃப்டா என்ற கடலைமாவு வறுவலும் ஜலேபியும் பேசுகிறவர் செலவு. தட்டு காலியாகும்வரை அவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லக்கூடாது. அதனால் கேள்வி கேட்கும் ஆசை உள்ளவர்கள் மெதுவாகத் தின்பார்கள். ரௌனக் கன்சாரா ஒரே ஒரு பஃப்டாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முழுப் பேச்சையும் கிழித்துவிடுவான்.

அந்த நவம்பரில் சலவைக்கு நின்றவள் கேதகி வசாவடா. வயது முப்பத்து நான்கு. கையில் பிளாஸ்டிக் தாள்கள், முன்னால் அவற்றைத் திரையில் காட்டும் புரொஜெக்டர், பக்கத்து மேசையில் வறுத்த மிளகாயின் வாசனை. அடுத்த வியாழக்கிழமை அவள் வடோதராவில் பேசவேண்டும். நாட்டின் பிளாஸ்மா சங்கம் ஆண்டுக்கு ஒருவருக்கு இளம் ஆய்வாளர் பதக்கம் கொடுக்கும். கடைசிச் சுற்றுக்கு வந்த ஐந்து பேரில் அவளும் ஒருத்தி.

முப்பத்தைந்து நிரம்பாதவர்களுக்குத்தான் பதக்கம். ஜனவரியில் அவளுக்கு நிரம்பிவிடும். அவளுடைய ஒப்பந்த வேலை மார்ச்சோடு முடிகிறது. ஆய்வகத்தில் நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. பதக்கம் வாங்கியவருக்கே அது என்று எந்த விதியிலும் இல்லை. ஆனால் அதுவரை அப்படித்தான் நடந்திருந்தது. அதனால் அந்தப் பதினைந்து நிமிடப் பேச்சின் மேல் அவள் வைத்திருந்தது ஒரு பதக்கத்தை மட்டுமில்லை.

அவள் பாவ்நகர்க்காரி. அப்பா துறைமுகத்தில் சுங்கக் குமாஸ்தா. கல்லூரியில் கணக்குப் படிக்கத்தான் போனாள். கணக்கில் இடமில்லை, இயற்பியலில் இருக்கிறது என்றார்கள். சரி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. யாராவது ‘எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள்’ என்று கேட்டால், “வரிசை சின்னதா இருந்துச்சு” என்பாள். முனைவர் பட்டத்துக்கு மற்றவர்களைவிட அதிக காலம் எடுத்தது. இயந்திரத்தில் கசிவு ஒரு வருடம். மகள் பிறந்து இன்னொரு வருடத்துக்கு மேல்.

இயந்திரம் என்பது ஓர் அறை அளவுக்குப் பெரிய எஃகு வளையம். உள்ளே கொஞ்சம் வாயுவை விட்டு, மின்சாரம் பாய்ச்சி, அது வாயுவாக இருக்க முடியாத அளவுக்குச் சூடாக்குவார்கள். அதுதான் பிளாஸ்மா. சுவரைத் தொட்டால் சுவரும் கெடும், அதுவும் அணைந்துவிடும். எனவே சுற்றிலும் காந்தக் காயில்கள் வைத்து நடுவிலேயே நிறுத்துவார்கள். ஒவ்வொரு முறையும் கண் இமைக்கும் நேரம்தான் நிற்கும். அதற்கு ஷாட் என்று பெயர். சில ஷாட்டுகள் பாதியில் உடையும். பிளாஸ்மா நழுவிப்போய்ச் சுவரில் மோதித் தன் மின்சாரம் முழுவதையும் அங்கே கொட்டிவிடும். இவர்களுடைய வளையத்தில் உடைவு என்றால் ஒரு ‘தொப்’ சத்தம், அவ்வளவுதான். நாளைக்கு உலகம் கட்டப்போகும் பெரிய வளையங்களில் ஒரே உடைவு சுவரைத் தின்றுவிடும். உடைவுக்கு முன்னால் ஏதாவது அறிகுறி தெரிகிறதா என்று எல்லா நாட்டிலும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கேதகி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தாள். மோர்பியில் ஓடு சுடும் சூளைக்காரர் ஒருவரிடம் பேரம் பேசி, மெல்லிய பீங்கான் குழல்கள் செய்யவைத்து, அதற்குள் டங்ஸ்டன் கம்பியைச் செருகி, பிளாஸ்மாவின் விளிம்பில் நுழைக்கும் ஊசிகளைச் செய்தாள். உடைவதற்குச் சற்று முன்னால் அந்த ஊசிகளின் சிக்னலில் ஒரு மேடு தெரிந்தது. மென்மையாக ஏறி, கொஞ்சம் நின்று, சரியும் மேடு. உடையாத ஷாட்டுகளில் அது இல்லை. உடைந்த எல்லாவற்றிலும் இருந்தது.

சலவையில் அந்தத் தாளை வைத்ததும் குழு கொஞ்ச நேரம் தின்பதை நிறுத்தியது. குழுத் தலைவர் ஷுக்லசாகேப் பெருமையோடு சுற்றிலும் பார்த்தார்.

“கேதகி, இந்த மேடு அழகா இருக்கு” என்றான் ரௌனக். கணினியில் பிளாஸ்மாவை ஓட்டிப்பார்ப்பது அவன் வேலை. அவளுக்கு இரண்டு வயது மூத்தவன், பதக்க வயதைத் தாண்டியவன். “ரொம்ப அழகா இருக்கு. எனக்கு அழகா எதைப் பார்த்தாலும் சந்தேகம் வரும்.”

“வீட்ல சொல்லிடட்டுமா?” என்றார் ஷுக்லசாகேப்.

“வீட்ல தெரியும் சாகேப். வெற்று ஷாட் எடுத்தியா, கேதகி?”

அவள் பேசக்கூடாது. அடுத்த தாளை எடுத்து வைத்தாள். வாயுவே விடாமல் காயில்களை மட்டும் இயக்குவது வெற்று ஷாட். உள்ளே பிளாஸ்மா இல்லாதபோது ஊசியில் ஒன்றும் கேட்கக்கூடாது. கேட்டால், அது கம்பிகளின் இரைச்சல். தாளில் இருந்த கோடு மேசை விளிம்பைப் போல நேராக இருந்தது.

“பாருப்பா, பச்சப்புள்ள மாதிரி தூங்குது” என்றார் சாகேப். “திருப்தியா?”

ரௌனக் பஃப்டாவை வாய்வரை கொண்டுபோனான். அங்கேயே நிறுத்தினான்.

“ஒரு நிமிஷம். வெற்று ஷாட்ல பிளாஸ்மா இல்ல.”

“அடேயப்பா. இவனுக்குத்தான் பதக்கம் குடுக்கணும்.”

“இருங்க சாகேப். பிளாஸ்மா இல்லன்னா அது நகரப்போறதும் இல்ல. நகரலன்னா, அதைப் புடிச்சு நடுவுல தள்ளுற காயிலுக்கு அங்க வேலையே இல்ல. அதுவும் தூங்கும். நிஜ ஷாட்ல அப்படியா? உடையறதுக்கு முன்னாடி பிளாஸ்மா மெல்ல நழுவுது. அந்தக் காயில் பதறி எழுந்து கரண்ட்டை அள்ளிக் கொட்டுது. மத்த காயில் எல்லாத்தையும் நீ சோதிச்சுட்ட. இது ஒண்ணு மட்டும் உன் சோதனையப்ப குறட்டை விட்டுட்டு இருந்திருக்கு.” பஃப்டாவால் மேட்டைச் சுட்டினான். “உன் ஊசிக்குக் கேட்டது பிளாஸ்மாவா, அந்தக் காயிலா?”

அங்கிருந்த எல்லோருமே அப்படித்தான் வெற்று ஷாட் எடுத்தார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் எடுத்தார்கள். எடுத்தாயிற்றா என்று கேட்பார்கள், எடுத்தாயிற்று என்பார்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

தட்டில் ஒரு பஃப்டா மிச்சம் இருந்தது. கேதகி போய் அதை எடுத்துக் கடித்தாள். நிதானமாக மென்று விழுங்கினாள்.

“தட்டு காலி. இப்ப பேசலாமா?”

“பேசு பென்” என்றார் சாகேப். பென் என்றால் அங்கே சகோதரி.

“தெரியல” என்றாள் கேதகி. “ஆனா நீ சொல்றது தப்புன்னு நெனைக்கிறேன், ரௌனக். திங்கக்கிழமை காட்றேன்.”

“தோத்தா?”

“மொட்டை.”

“நான் ஏற்கெனவே பாதி. எனக்கு நஷ்டம் கம்மி.”

எல்லோரும் கலைந்த பிறகு ஷுக்லசாகேப் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தினார். அவர் நல்ல மனிதர். அவளுக்காக ஒப்பந்தத்தைப் பல தடவை நீட்டிக் கொடுத்தவர்.

“திங்கக்கிழமைதான் இந்த வருஷத்துக்குக் கடைசி ஓட்டம். செவ்வாக்கிழமை பராமரிப்புக்காக மெஷினைப் பிரிச்சுடுவாங்க. அப்புறம் ஜனவரியிலதான்.”

“தெரியும் சாகேப். அதனாலதான் திங்கக்கிழமை.”

“நான் அதுக்குச் சொல்லல. சந்தேகம்ங்கறது வெறும் சந்தேகம்தான். வியாழக்கிழமை போய் பேசு. யாராவது கேட்டா ‘அதையும் சோதிக்கப்போறோம்’னு சொல்லு. அதுல ஒரு சொட்டு பொய் இருக்கா?”

“இல்ல.”

“ஜனவரியில மெஷின் ஓட ஆரம்பிச்சதும் நிதானமா பார்த்துக்கலாம்.”

“ஜனவரியில எனக்கு முப்பத்தஞ்சு.”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன்.”

கேதகி சிரித்தாள். “மதியத்துக்கு மேல எனக்கு நாலு ஷாட் வேணும், சாகேப்.”

“நாளைக்கு யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சாச்சு. ஒரு பஃப்டா மெல்லுற நேரம் யோசிச்சேன், போதாதா?”

பின்னாளில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவளுடைய நேர்மையை மெச்சுவார்கள். அவளுக்கு அது பிடிக்காது. அன்று அவளுக்கு இருந்தது நேர்மை பற்றிய கவலை இல்லை. தன் மேடு ஜெயிக்கும் என்று உறுதியாக நம்பினாள். ரௌனக்கை மொட்டைத் தலையோடு பார்க்க விரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவள் கணவன் துஷ்யந்த் பச்சைத் துவரை உரித்துக்கொண்டிருந்தான். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மனைவியின் வேலை என்ன என்று கேட்பவர்களிடம் “மின்னலை டப்பாவுல போடுறா” என்பான்.

“பதக்கம் வரலன்னா?” என்றான்.

“மார்ச் வரைக்கும் சம்பளம் இருக்கு.”

“அப்புறம்?”

“ட்யூஷன் எடுக்கறேன்.”

“நீ ட்யூஷன் எடுத்தா பசங்க அழுதுட்டு ஓடிடுவாங்க. ‘இது உனக்கு எப்படித் தெரியும், எப்படித் தெரியும்’னே கேட்டுட்டு இருப்ப.” கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினான். “அந்தச் சோதனைய வெள்ளிக்கிழமை வெச்சுக்க முடியாதா?”

“மெஷினை நிறுத்திடுவாங்க.”

“நிறுத்தட்டும். பேசிட்டு வா. அப்புறம் தெரிஞ்சுக்கோ. எங்க ஆபீஸ்ல பாலிசி போட வரவங்களும் அப்படித்தான். முதல்ல கையெழுத்து, அப்புறம் ஆஸ்பத்திரி.”

“அவங்களுக்கு நீங்க பணம் தர்றீங்களா?”

துஷ்யந்த் யோசித்தான். “இல்ல.”

“அப்ப சும்மா உரிங்க.”

திங்கட்கிழமை ரௌனக் காலையிலேயே வந்துவிட்டான். தோற்கடிக்க வந்தவன்தான், ஆனால் பாதி வேலையை அவனே செய்தான். உடைந்த பழைய ஷாட் ஒன்றில் அந்தக் காயிலில் ஓடிய மின்சாரத்தின் பதிவை எடுத்து, அதே ஏற்ற இறக்கத்தோடு காயிலுக்குக் கட்டளையாகத் திருப்பிக் கொடுக்கும்படி மாற்றினான். பிளாஸ்மா எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் கம்பியைக் கேதகி பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் இவனுடைய கட்டளைக் கம்பியைச் செருகினாள். இப்போது வளையம் காலி. ஆனால் காயில், பிளாஸ்மா நழுவுகிறது என்று நம்பிக்கொண்டு பதறும்.

மணி அடித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியில் எண்ணிக்கை இறங்கியது. வளையம் ஒரு முறை உறுமி ஓய்ந்தது.

திரையில் மேடு வந்தது. அதே ஏற்றம், அதே நிற்றல், அதே சரிவு.

ரௌனக் சட்டைப் பையைத் தடவி, ஒன்றும் எடுக்காமல் கையை வெளியே இழுத்தான்.

“மொட்டை வேண்டாம்” என்றான்.

“வாயை மூடு. இன்னொரு ஷாட்.”

மறுபடியும் அதே மேடு.

“இப்ப காயில் கம்பியை மாத்தி மாட்டு. கரண்ட் தலைகீழா ஓடட்டும்.”

மூன்றாவது ஷாட். மேடு இருந்த இடத்தில் பள்ளம். அதே வடிவம், கவிழ்த்து வைத்தது போல. இதற்குமேல் வாதாட ஒன்றுமில்லை. வளையத்துக்குள் இல்லாத ஒன்று, கம்பியைத் திருப்பினால் தானும் திரும்புகிறது. பிளாஸ்மாவுக்கு அதில் பங்கே கிடையாது.

கேதகி திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு சிரித்துவிட்டாள். வருத்தம் இல்லாத சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் சிரிப்புதான். “என்ன சுத்தமா கவுந்திருக்கு பாரேன். இவ்ளோ சுத்தமான முடிவு என் வாழ்க்கையில வந்ததே இல்ல.”

கடைசி ஷாட்டை அவள் அழுவதற்கோ ஆராய்வதற்கோ வீணாக்கவில்லை. காயில் எவ்வளவு கத்தினால் ஊசிக்கு எவ்வளவு கேட்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டாள். அந்த அளவை வைத்துப் பழைய உடைவுகள் ஒவ்வொன்றிலிருந்தும் காயிலின் பங்கைக் கழித்தால் மிச்சம் தெரியும். மிச்சம் இருந்தால்.

செவ்வாயும் புதனும் உட்கார்ந்து கழித்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு ஷாட்டுகளில் சின்னதாக ஒன்று மிஞ்சியது. எல்லாவற்றிலும் இல்லை. உடைவுக்கு மிக அருகில்தான் தெரிந்தது. எச்சரிக்கை என்று சொல்ல நேரம் போதாது. ஆனால் காயிலின் பங்கை முழுவதும் கழித்த பிறகும் போகாத ஒன்று. அது பிளாஸ்மாதான்.

வடோதரா ரயிலில் ஷுக்லசாகேப் வீட்டிலிருந்து கொண்டுவந்த தேப்லா ரொட்டியையும் மாங்காய்ச் சுந்தா தொக்கையும் பிரித்துத் தனக்கும் கேதகிக்கும் ரௌனக்குக்கும் வைத்தார். அவர் முகம் வாடியிருந்தது.

“இப்பக்கூட விலகிக்கலாம். உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன். பேருக்குக் கெடுதல் இல்லாம போயிடும்.”

“சுருக்கம் அச்சுல வந்தாச்சு, சாகேப். உடைவைக் கண்டுபிடிச்சுட்டேன்னு அதுல எம் பேரு இருக்கு. நான் போகலன்னா அது அப்படியே நிக்கும். யாராவது படிச்சுட்டு நம்பி ஒரு மெஷின்ல வெப்பான்.” சுந்தாவை விரலால் வழித்தாள். “நான் போட்ட குப்பை. நானே போய் எடுத்துட்டு வரேன்.”

“பதக்கம்?”

“மிச்சத்தைக் காட்டிக் கேட்கறேன். குடுத்தா வாங்கிப்பேன். வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்ல.”

அரங்கம் நிறைந்திருந்தது. அவள் மூன்றாவது. முதல் தாளாக அந்த மேட்டை வைத்தாள். அவர்கள் பார்த்து ரசிக்க நேரம் கொடுத்தாள். முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் தலையாட்டினார்.

“இது என் முடிவு. உங்க கையில இருக்கற அச்சுலயும் இதுதான் இருக்கு. இது தப்பு.”

சலசலப்பு எழுந்தது. நடுவர் குழுவின் தலைவர் பேராசிரியர் மஜ்முதார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“புரியலையேம்மா. தப்புன்னா எதுக்குப் போட்டியில நிக்கறீங்க?”

“என் பேச்சுல இன்னும் முக்கால்வாசி பாக்கி இருக்கு, சார். தப்புன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்றேன். அப்புறம் மிச்சம் என்ன இருக்குன்னு சொல்றேன். அதுக்கப்புறமும் நான் எதுக்கு நிக்கறேன்னு தெரியலன்னா மறுபடியும் கேளுங்க.”

பின்வரிசையில் சிரித்தார்கள். அதன் பிறகு அவளுக்குத் தடங்கல் இல்லை. சலவையில் பேசியதைவிட நன்றாகப் பேசினாள். மேட்டின் மேல் பள்ளத்தாளை வைத்தபோது, இரண்டு கோடுகளும் கண்ணாடி பார்ப்பது போலப் பொருந்தின. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் தங்கள் தங்கள் வெற்று ஷாட்டுகளை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி நேரத்தில் வெள்ளை சஃபாரி சூட் அணிந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். வேறு ஆய்வகத்துக்காரர்.

“உங்க ஊசியோட கேபிள், அந்தக் காயிலுக்குப் பக்கத்துல போகுதா?”

“ஒரு முழம் தள்ளிப் போகுது, சார். அதுவே போதுமா இருந்துச்சு.”

“ஒரு முழமா.” அவர் மெதுவாக உட்கார்ந்தார். “எங்களது ஒட்டியே போகுது.”

மதியச் சாப்பாட்டில் அவளால் சாப்பிட முடியவில்லை. தட்டைச் சுற்றி ஆட்கள். பூரியை வளையமாகவும் மிளகாயை ஊசியாகவும் வைத்து, ஸ்ரீகண்ட் என்ற இனிப்புத் தயிரில் விரலால் கேபிள் இழுத்துக் காட்டினாள். காயில் எங்கே என்று சஃபாரிக்காரர் கேட்டபோது அவருடைய தட்டிலிருந்தே ஒரு ஜலேபியை எடுத்து வைத்தாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. ரௌனக் சற்றுத் தள்ளி நின்று, வருகிற எல்லோரிடமும் “கேள்வி கேட்டது நான்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மாலையில் பதக்கத்தை அறிவித்தார்கள். தூசு கலந்த பிளாஸ்மாவில் வேலை செய்த ஒரு வங்காளத்து இளைஞனுக்குக் கிடைத்தது. கேதகி கை தட்டினாள். அவனுடைய பேச்சை அவள் கேட்டிருந்தாள், நல்ல வேலை.

மஜ்முதார் அவளைத் தேடி வந்தார். “உங்க பேச்சைத்தான் நாளைக்கு எல்லாரும் பேசுவாங்க. ஆனா எங்களுக்கு முடிவுக்குத்தாம்மா மார்க். மிச்சம் சின்னதா இருக்கே.”

“சின்னதுதான் சார். சரியான மார்க்குதான் போட்டிருக்கீங்க.” பிறகு சேர்த்தாள். “ஆனா தப்பைக் கண்டுபிடிச்சதுக்கும் ஒரு மார்க் வெச்சிருக்கலாம். அடுத்த வருஷம் யாராவது வருவாங்க. அவங்களுக்காகச் சொல்றேன்.”

திரும்பும் ரயில் ஆனந்த் நிலையத்தில் நின்றது. அங்கே ரௌனக் இறங்கிப்போய்க் கச்சோரி வாங்கிவந்தான். நடியாட் தாண்டியதும் கேதகி துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“சனியன் புடிச்ச மேடு” என்றாள். “எவ்ளோ அழகா இருந்துச்சு.”

“அழகாத்தான் இருந்துச்சு” என்றான் ரௌனக்.

நிரந்தர இடம் அந்த வருடம் வேறொருவருக்குப் போனது. மார்ச்சில் ஷுக்லசாகேப் ஒப்பந்தத்தை மறுபடியும் நீட்டினார். அப்படி நீட்டி நீட்டி, நாற்பது தாண்டிய பிறகுதான் அவள் நிரந்தரமானாள். வீட்டில் பாயசம் வைத்தார்கள். துஷ்யந்த் “இப்ப நான் ட்யூஷன் எடுக்கவா?” என்று கேட்டான்.

மாநாட்டுக்கு அடுத்த ஜனவரியில் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியபோது ஷாட் வகைகளை எழுதும் பலகையில் ‘வெற்று’ என்பதற்குக் கீழே யாரோ ‘கேதகி’ என்று எழுதியிருந்தார்கள். ரௌனக்கின் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும். கேதகி அழித்தாள். மறுநாள் மறுபடியும் இருந்தது. மூன்றாம் முறை அவள் விட்டுவிட்டாள். வெறும் காயிலை ஏமாற்றிப் பதறவைத்துப் பார்க்கும் ஷாட்டுக்கு அதுவே பெயராயிற்று. வெள்ளை சஃபாரிக்காரர் தன் ஆய்வகத்துக்கு அந்தச் சொல்லை எடுத்துப்போனார். தன் பழைய முடிவு ஒன்றைத் திருத்தி வெளியிட்டார். ‘கேதகி எடுத்தாச்சா’ என்று தொலைபேசியில் கேட்க ஆரம்பித்தார்கள். அவள் இதை ஒரு சிறு கட்டுரையாக எழுதினாள். அதில் பெயர் கே. யு. வசாவடா என்று இருந்தது.

மஜ்முதாருக்குப் பிறகு வந்தவர்கள் அவளைப் பதக்க நடுவர் குழுவில் சேர்த்தார்கள். இளைஞர்கள் அவளுக்குப் பயப்பட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான். “நீ சொல்றது தப்பா இருந்தா, அதை எது காட்டிக் குடுக்கும்?” பதில் இல்லாதவர்களுக்கு அவள் மார்க் போடமாட்டாள். பதில் இருந்து, அதைச் செய்தும் பார்த்து, முடிவு கலைந்துபோனதை வந்து சொன்ன ஒரு பையனுக்காக ஒரு முறை முழு மாலையும் சண்டை போட்டுப் பதக்கம் வாங்கிக் கொடுத்தாள்.

பெரிய சண்டை வயதைப் பற்றியது. முப்பத்தைந்து என்பதை எடுத்துவிட்டு, பட்டம் வாங்கிய நாளிலிருந்து எண்ணவேண்டும், பிள்ளை பெற்ற காலத்தைக் கழிக்கவேண்டும் என்றாள். ஆண்டுக்கு ஒரு கூட்டமாகப் பல ஆண்டுகள் இழுத்தது.

“அப்படின்னா நாப்பது வயசுக்காரங்களுக்கெல்லாம் ‘இளம்’னு பதக்கம் குடுக்கறதா, வசாவடாபென்?” என்றார் ஒரு மூத்தவர்.

“தலை நரைச்சா மூளையும் நரைக்குமா, சார்? உங்களைப் பார்த்து நான் அப்படி நினைச்சதே இல்லையே.”

கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் வாக்கெடுப்பு நடந்து விதி மாறிவிட்டது.

அறுபதை எட்டும்போது கணையத்தில் கட்டி வந்தது, அறுவை செய்தார்கள். மருத்துவமனையில் மருந்து ஏறும்போதுகூட மாணவர்களின் ஆய்வேடுகளைப் படித்துக்கொண்டிருந்தாள். இதயத்துடிப்பு காட்டும் திரையில் கோடு நடுங்கியது. “சிஸ்டர், அந்தக் கேபிளைப் பம்புக்குப் பக்கத்துலேருந்து எடுங்க. பம்ப் கத்தறது அதுல கேக்குது” என்றாள். நர்ஸ் நகர்த்தினாள். கோடு தெளிந்தது. நோய் தெளியவில்லை.

அவள் கடைசியாக எழுந்துபோய் உட்கார்ந்த கூட்டம் ஒரு வாய்மொழித் தேர்வு. வடோதராவில் படிக்கும் ரித்வா தலால் என்ற பெண் முனைவர் பட்டத்துக்காக வந்திருந்தாள். கேதகியால் பயணம் செய்ய முடியாது என்பதால் அவர்களே அவள் இருந்த காந்திநகருக்கு வந்தார்கள். இன்னொரு தேர்வாளர் ரௌனக். ரித்வாவுக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே இருப்பவர் டாக்டர் கே. யு. வசாவடா, கடுமையானவர் என்பதுதான். ஆய்வேடு நன்றாக இருந்தது. உடைவைப் பற்றியது.

கேதகி ஒரு பக்கத்தில் விரல் வைத்தாள். “இங்க ‘கேதகி சோதனை செய்யப்பட்டது’ன்னு எழுதியிருக்க. அது என்னம்மா பேரு?”

“அது பழைய பவர் சப்ளையோட பேருன்னு நினைக்கிறேன், மேடம். இங்க எல்லாச் சாமானுக்கும் சம்ஸ்கிருதத்துல பேரு வெப்பாங்கல்ல? பூவு பேரு.”

ரௌனக்குக்குத் தேநீர் புரை ஏறியது.

“பவர் சப்ளையா” என்றாள் கேதகி.

“ஆமா மேடம். இப்ப இருக்காதுன்னு நினைக்கிறேன். அந்தக் காலத்து ஐட்டம்.”

“வேலை செஞ்சுதாமா?”

“படிச்ச வரைக்கும் நல்லாவே வேலை செஞ்சிருக்கு, மேடம்.”

ரௌனக் வாயைத் திறந்தான். கேதகி மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். சிரிப்பில் தையல் போட்ட இடம் வலித்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி. நீ அதை எடுத்தியா?”

“எடுத்தேன், மேடம்.”

“கரண்ட்டைத் திருப்பியும் எடுத்தியா?”

“திருப்பியும் எடுத்தேன். அதுல என் முதல் முடிவு ஒண்ணு போயிடுச்சு. அதை அஞ்சாவது அத்தியாயத்துல அப்படியே எழுதிட்டேன்.” ரித்வா தயங்கினாள். “அதை எடுத்துடணுமா மேடம்?”

“தொடாதே” என்றாள் கேதகி. “அதுதான் இருக்கறதுலயே நல்ல அத்தியாயம்.”

அந்தப் பக்கத்தில் இருந்த பெயரைப் பற்றி அவள் ஒரு திருத்தமும் எழுதவில்லை. கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு, பேனாவை ரௌனக்கிடம் நீட்டினாள்.